வீடு மாற்றி ஒரு விடுமுறை

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீதான் டென்மார்க் போயிட்டு வந்திருக்கியே, அதைப் பத்திப் பேசு" என்றார். "பதினெட்டு நாள்தான் இருந்தேன், அதுக்குள்ள ஒரு நாட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று நழுவப் பார்த்தேன். "பதினெட்டு நாள்ல பாரதப் போரே முடிஞ்சு போச்சு, நீ பேசுப்பா" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே நான் சொல்லப்போவதெல்லாம் முதல் பார்வையில் பட்டவை. நிபுணர் உரை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வேலை நெய்வேலியில், அனல் மின் நிலையத்தில். குடியிருப்பு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில், நெல்லிக்குப்பம் தாண்டி வரும். அங்கே தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் அம்மா இருக்கிறார். திண்ணை, கூடம், பின்கட்டு, கிணறு என்று பழைய அமைப்பு. அந்த வீட்டைக் கொடுத்துத்தான் கோபன்ஹேகன் நகரத்தில் ஒரு வீட்டை வாங்கினோம், பதினெட்டு நாளுக்கு.

விடுமுறையில் வீட்டை மாற்றிக்கொள்வது ஐரோப்பாவில் பழைய வழக்கம். 1953-இலேயே சில பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து இதற்காக 'இன்டர்வாக்' என்ற அமைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள். வாத்தியார்களுக்கு லீவு நிறைய, பணம் குறைவு. நீ என் வீட்டில் இரு, நான் உன் வீட்டில் இருக்கிறேன், ஓட்டல் செலவு மிச்சம். இப்படிப்பட்ட ஒரு சங்கத்தில் என் மனைவி பெயர் கொடுத்து வைத்திருந்தாள். நம் ஊருக்கு யார் வரப்போகிறார்கள் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற டேனிஷ் ஆசிரியைத் தம்பதியிடமிருந்து கடிதம் வந்தது. அந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தா எங்கள் ஊர் மிஷனில் சில வருஷம் வேலை பார்த்தவராம்.

இளைய நண்பர்களுக்காக இங்கே கொஞ்சம் சரித்திரம். டென்மார்க் என்றால் நமக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வரும். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். 1706-இல் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மேல்பட்டாம்பாக்கத்தின் கதை அதற்குப் பிற்பாடு நடந்தது. கார்ல் ஓக்ஸ் என்று ஒரு ஜெர்மன் பாதிரியார், லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள்ளேயும் சாதி வித்தியாசம் தொடர்வதை ஏற்க முடியாது என்று சண்டை போட்டு, அந்த மிஷனை விட்டே வெளியேறினார். எங்கள் ஊரில் வந்து 'பெத்தானியா' என்று ஒரு நிலையம் அமைத்தார். 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எங்கள் ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் வந்த வழி இதுதான். நானும் அதில் படித்தவன். ஓக்ஸின் கதையை அன்றைக்கு நான் படித்ததில்லை. அந்த அம்மாவின் கடிதம் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

அவர்களுக்குக் குளிருக்குத் தப்பி ஜனவரியில் வர ஆசை. அம்மாவோ ஒரே பிடியாக, "முன்னே பின்னே தெரியாதவங்க கையில சாவியக் குடுத்துட்டுப் போறியா? அதுவும் பொங்கலும் அதுவுமா, வாசல்ல ஒரு பானை ஏறாம?" என்றார். பத்து நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பண்ருட்டியில் அக்கா வீட்டில் தங்க ஒப்புக்கொண்டார். பூஜை அறைக்கு மட்டும் தனிப் பூட்டு.

வீட்டை மாற்றிக்கொள்பவர்கள் ஒருவருக்கொருவர் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைக்க வேண்டும் என்பது வழக்கம். காஸ் எப்படி மாற்றுவது, மோட்டார் சுவிட்ச் எங்கே, மின்சாரம் போனால் என்ன செய்வது. இருபது நிமிஷத்தில் எழுதி முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். "வேலைக்கு வரும் அக்கா" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வாசல் தெளிக்க ஒரு அக்கா வருகிறார். நான் பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து வருகிறார், இருபது வருஷத்துக்கு மேல். சந்து வழியாகப் பின்கட்டுக்கு வருவார். பாத்திரத்தை நாங்கள் எடுத்து வெளியே வைப்போம். அவருடைய காப்பி டம்ளர் கிணற்றடி மாடத்தில் தனியாக இருக்கும். அவர் என்ன சாதி, நாங்கள் என்ன சாதி என்று நான் இந்த மேடையில் சொல்லவில்லை. கேட்டவுடனே உங்களுக்கே புரிந்திருக்கும்.

இதை எப்படி இங்கிலீஷில் எழுதுவது? இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் கிழித்தேன். தமிழில் இருபது வருஷம் உறுத்தாத விஷயம், இன்னொரு மொழியில் எழுதும்போது கை கூசியது. கடைசியில், "இந்த அக்கா இருபது வருஷமாக எங்களோடு இருக்கிறார், எது வேண்டுமானாலும் அவரைக் கேளுங்கள்" என்று மட்டும் எழுதி மூடி வைத்துவிட்டேன்.

சரி, கோபன்ஹேகனுக்கு வருவோம்.

விமானத்திலிருந்து இறங்கியது சாயங்காலம் நாலரை மணி. நடுராத்திரி மாதிரி இருட்டு. ஜனவரியில் அங்கே நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், மறுநாள் எட்டரைக்குத்தான் எழுந்திருக்கும். ஓட்டுநர் இல்லாத மெட்ரோவில் ஏறி, நோரெப்ரோ என்ற பகுதியில் இறங்கினோம். ஐந்து மாடிச் செங்கல் கட்டடம், மூன்றாவது மாடியில் வீடு. சாவி கீழ் வீட்டுக்காரரிடம் இருந்தது. எங்களை முன்னே பின்னே பார்த்ததில்லை, பெயரைக் கேட்டார், கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டத் தயாராக இருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முதல் நாளே ஒரு திட்டும் வாங்கினேன். பெட்டியோடு நின்று அண்ணாந்து கட்டடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற இடம் சைக்கிள் பாதை. பின்னால் முப்பது நாற்பது மணிகள் ஒரே நேரத்தில் அடித்தன. அந்தக் குளிரில், அந்த இருட்டில், ஒவ்வொரு சைக்கிளிலும் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. கோட்டு சூட்டு போட்டவர், கர்ப்பிணிப் பெண், எழுபது வயதுப் பாட்டி, எல்லாரும் போகிறார்கள். நிற்பதற்கு முன் கையை உயர்த்திக் காட்டுகிறார்கள். வீட்டுக்காரர் எங்களுக்கு விட்டுப்போனதில் ஒன்று, முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள். அந்தப் பெட்டியில் என் ஆறு வயது மகள் போர்வை சுற்றிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார, நான் மிதித்தேன். பதினெட்டு நாளில் மூன்று கிலோ குறைந்தேன்.

இன்னொரு காட்சி. காப்பிக் கடை வாசலில், குளிரில், தள்ளுவண்டியில் குழந்தை தூங்குகிறது. அம்மா உள்ளே காப்பி குடிக்கிறாள். என் மனைவி பதறிப்போய் வண்டிக்குக் காவல் நிற்கத் தொடங்கிவிட்டாள். உள்ளேயிருந்து அந்தப் பெண் எழுந்து வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று எங்களைக் கேட்டாள்!

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். முன்வரிசையில் நம் தெர்மோடைனமிக்ஸ் சார் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாடத்தில் நான் அரியர் வைத்தவன். சார், அந்த அரியரை கோபன்ஹேகனில்தான் நிஜமாகப் பாஸ் செய்தேன்.

அவர்கள் எழுதி வைத்த நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது: "ஒரு அறையில் மட்டும் ரேடியேட்டரை முழுதாகத் திறக்காதீர்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் திறங்கள். திரும்பிப் போகும் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும்." ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். மேல் குழாய் சுட்டது, கீழ்க் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டில் எங்கேயும் பாய்லர் இல்லை. அந்தச் சுடுதண்ணீர் மின் நிலையத்திலிருந்து தெருவுக்கு அடியில் குழாயில் வருகிறது. டேனிஷ் மொழியில் அதற்கு 'ஃபியர்ன்வார்ம' என்று பெயர், தூரத்திலிருந்து வரும் சூடு என்று பொருள். நகரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு வெப்பத் தேவை இப்படித்தான் தீர்கிறது. தண்ணீர் நன்றாக ஆறித் திரும்பினால்தான் ஏற்றி அனுப்பிய சூடு முழுதும் பயன்பட்டதாக அர்த்தம். ஆறாமல் திருப்பி அனுப்பினால் கட்டணம் கூடும்.

அனல் மின் நிலையத்தில் என்ன நடக்கிறது? நாம் எரிக்கும் பழுப்பு நிலக்கரியின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பங்கு கண்டென்சர் வழியாகக் கூலிங் டவருக்குப் போய் ஆகாயத்தில் கரைகிறது. நெய்வேலிப் பிள்ளைகள் 'மேகத் தொழிற்சாலை' என்று சொல்வார்களே, அந்தப் புகை மாதிரி தெரிகிற நீராவிதான். அங்கே டர்பைனிலிருந்து நீராவியைக் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே எடுத்து, மின்சாரத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, மீதிச் சூட்டை ஊருக்கு விற்றுவிடுகிறார்கள். இது புதிய யோசனையும் இல்லை. கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடெரிக்ஸ்பெர்க்கில் 1903-இலேயே குப்பையை எரித்து இப்படிச் சூடு கொடுத்திருக்கிறார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்த நாடு ஏறக்குறைய முழுதும் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். பட்ட பிறகு, 1979-இல் வெப்ப விநியோகத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

அமாயர் தீவில் உள்ள குப்பை எரிக்கும் மின் நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். 2017-இல் ஓடத் தொடங்கியது. மணிக்கு 35 டன் வீதம் இரண்டு உலைகள். 85 மீட்டர் உயரக் கட்டடம். அதன் சரிவான கூரையில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள்! கீழே பாய்லர், மேலே பிள்ளைகள். நானும் மகளும் கூரை வரை நடந்தே ஏறினோம். மேலேயிருந்து பார்த்தால் கடலுக்குள் வரிசையாக இருபது காற்றாலைகள். 2000-இல் நிறுவியவை. அதில் பாதி, ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் பங்கு போட்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம்.

நம் ஊரில் வீட்டைச் சூடாக்க யாருக்கும் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலுள்ள உலர்த்தும் தொழில், குளிர்சாதனத் தேவை, இதற்கெல்லாம் கழிவுச் சூட்டை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்று மாணவர்கள் ப்ராஜெக்ட்டாக எடுத்துப் பார்க்கலாம். விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டில் என்னைப் பிடியுங்கள்.

பொங்கலும் வந்தது. சூரியனுக்குப் படைக்க வேண்டும். சூரியனைத்தான் காணோம். மின்சார அடுப்பில் பொங்கல் தயார், மணி எட்டரை ஆகியும் ஜன்னலில் சாம்பல் நிறம்தான். அந்த நேரம் இங்கே மதியம் ஒரு மணி. ஊரிலிருந்து செல்போனில் ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு வாசல், பெரிய கோலம், மூன்று கல் அடுப்பு, பானையில் மஞ்சள் கொத்து. டேனிஷ் அம்மா சேலை கட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் கரண்டியோடு அந்த அக்கா. முன்வாசலில். நானும் மனைவியும் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அன்று சாயங்காலம் கரும்பு கிடைக்குமா என்று ஒரு தமிழ்க் கடையைத் தேடிப் போனோம். கரும்பு இல்லை. கடையில் இருந்த பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். "நீங்கள் தமிழ்நாடோ? எந்த இடம்?" என்று ஆசையாகக் கேட்டார். தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். "நான் எண்பத்தாறில வந்தனான். மனுசியும் பிள்ளையும் வந்து சேர மூண்டு வருசத்துக்கு மேல போச்சுது. மகளுக்கு என்னை ஆரெண்டே தெரியேல்லை" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் அந்தச் சரித்திரம் எனக்குத் தெரிந்தது. போரிலிருந்து தப்பி வந்த தமிழ் அகதிகள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த மனுக்களைக் கிடப்பில் போடச் செய்தார். விஷயம் வெளியே வந்து, விசாரணை நடந்து, அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995-இல் அந்த முன்னாள் அமைச்சருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்து, நிறுத்தி வைத்தார்கள். 'தமிழர் வழக்கு' என்றே அங்கே அதற்குப் பெயர். இன்றைக்கு அந்த நாட்டின் குடியேற்றச் சட்டங்கள் இன்னும் இறுகிப்போயிருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், கதவைச் சட்டவிரோதமாகச் சாத்தியவன் அமைச்சரே ஆனாலும் விசாரித்தார்கள் என்பது என் மனதில் நின்றது. திரும்பி நடக்கும்போது மனைவி கேட்டாள்: "நம்ம வீட்டுப் பின்கட்டுக் கதவை யாரு விசாரிக்கிறது?" நான் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பினோம். சாவியை எதிர்வீட்டு மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி நோட்டில் எழுதியிருந்தேன். அவரிடம் இல்லை. அவர்கள் அதை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு நாள் அவர் கையில் வீடு இருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி.

விருந்தினர் நோட்டில் மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள். பண்ருட்டியிலிருந்து வந்த அம்மாவுக்கு நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். கிணற்றுத் தண்ணீர், இட்லி, எதிர்வீட்டு மாமாவின் உபசாரம், பழைய மிஷன் இடங்களைப் பார்த்தது, எல்லாம் இருந்தது. ஒரு இடத்தைத் தாண்டிப் படித்தேன். என் மனைவி, "விட்டதையும் படிங்க" என்றாள். படித்தேன். "நீங்கள் சொன்னபடி எல்லாவற்றுக்கும் அந்த அம்மாவைத்தான் கேட்டோம். எங்களோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. ஏன் என்று கேட்டோம். சிரித்தார். மொழி தெரியாததால் எங்களுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறோம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

என்ன மதம், என்ன குலம் என்று தெரியாத இரண்டு பேரைக் கூடத்தில் படுக்க வைத்தோம். கடல் தாண்டி வந்தவர்கள் என்பதால் அது கௌரவமாக இருந்தது. இருபது வருஷம் நம் எச்சில் பாத்திரத்தைத் தேய்த்த கைக்கு உள்ளே இடம் இல்லை. இந்தச் சண்டையைத்தான் நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எங்கள் ஊருக்கே வந்து போட்டார். அவர் வழியாக வந்த பள்ளிக்கூடத்தில் படித்து, உங்கள் முன்னால் இஞ்சினியராக நிற்கிறேன். எனக்கு உறைக்க ஒரு நோட்டுப் புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த அக்காவிடம், "நாங்க பண்ணினது தப்புக்கா" என்று சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு தம்பி இப்ப?" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லி உங்களிடம் கைதட்டல் வாங்க எனக்கும் ஆசைதான். அப்படிச் சொல்ல முடியாது. மாடத்திலிருந்த டம்ளர் இப்போது சமையலறை அலமாரியில் மற்ற டம்ளர்களோடு இருக்கிறது. அம்மா தானாகவே எடுத்து வைத்தார், யாரும் சொல்லவில்லை. அக்கா உள்ளே வந்துதான் பாத்திரம் எடுக்கிறார். ஆனால் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னும் பின்வாசல் படியில் போய்த்தான் உட்காருகிறார். எங்கள் பழக்கம் போக இத்தனை வருஷம் ஆனது போல, எங்களை நம்ப அவருக்கும் காலம் ஆகும். அதை அவசரப்படுத்தும் உரிமை எங்களுக்கு இல்லை. ஒன்று மட்டும் நிச்சயமாக மாறியிருக்கிறது. அம்மா இப்போது பண்ருட்டி போனால் சாவி அந்த அக்காவிடம் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் வெளிநாடு போவீர்கள், அவசியம் போங்கள். அங்கே நம்மை எந்த வாசலில் நிறுத்துகிறார்கள் என்று கவனிப்பீர்கள், அதுவும் நியாயம்தான். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவர் வந்து தங்கப்போகிறார் என்று நினைத்து, இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறது என்று பாருங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, செயலாளர் முறைக்கிறார்.